அளவர் இன்னும் திரும்பவில்லை

அக்கா தொலைபேசியில் அழவில்லை.

"உங்க அத்தான் வேலைக்குப் போனவரு நாலு நாளா வீட்டுக்கு வரல. ஆபீஸ்ல போய்க் கேட்டேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நீ ஒரு நடை போய் என்னன்னு கேட்டுட்டு வாடா."

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மேலே போனது கீழே வர வேண்டும், வராவிட்டால் நடுவில் எங்கோ சிக்கியிருக்கிறது. தொழிலில் அவன் கற்றது இவ்வளவுதான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

புகை அன்று ஜன்னல் கம்பிவரை வந்திருந்தது. தெருவிளக்குகள் பகலிலும் எரிந்தன. ஒவ்வொரு விளக்கும் தன் கம்பத்துக்கு மட்டும் வெளிச்சம் தந்தது. பேருந்துக்கு முன்னால் நடத்துநர் மணியடித்தபடி நடந்துபோனார். இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கியிருந்தார்கள்.

வளித் தெளிவுத் துறையின் வாசலில் இருந்த பித்தளைப் பலகையை அவன் விரலால் தடவிப் படித்தான். டயாபனோமீட்டர் பிரிவு, முதல் தளம். காற்று எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கருவிக்கு அந்தப் பெயர். உலகத்தில் அந்தச் சொல்லைத் தினமும் பயன்படுத்துகிற இடம் இது ஒன்றுதான் என்று துறைக்குப் பெருமை உண்டு. சுருக்கிச் சொல்வதை இயக்குநர் தடை செய்திருந்தார். முழுதாகச் சொல்ல ஒரு மூச்சு வேண்டும். அந்த ஆண்டு யாரிடமும் அவ்வளவு மூச்சு இல்லை. ஊழியர்கள் 'டயாப' என்று தொடங்கி, இருமி, 'னோமீட்டர்' என்று முடித்தார்கள். புதிதாக வந்தவர்கள் இருமலும் அந்தச் சொல்லில் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள்.

விசாரணை மேசையில் ஓர் அம்மா இருந்தார்.

"அளவரைக் காணோம்னு கேக்க வந்தேங்க. நான் அவரு மச்சான்."

"காணோம்னு யாரு சொன்னது? அவரு அளந்துக்கிட்டு இருக்காரு."

"வீட்டுக்கு வரலையே."

"அளக்கும்போது எப்படி வீட்டுக்கு வருவாரு? நீங்க வேலை செய்யும்போது வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். முற்றத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். அளவர் வட்டத்தைப் பார்த்தபடியே, தூரம் காட்டும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து போக வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வட்டம் கண்ணுக்கு மறைகிற இடத்தில் நின்று, சக்கரத்தில் தூரத்தைப் படித்துவிட்டு, திரும்பி வந்து இயக்குநர் முன்னால் 'மறைந்தது' என்று சொல்ல வேண்டும். அந்தத் தூரம்தான் அன்றைய காற்றின் தெளிவு.

"அவரு வந்து சொல்லல. அப்ப அவருக்கு இன்னும் வட்டம் தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

"வேற யாராவது போய்ப் பாத்தீங்களா?"

"ஒருத்தர் கண்ணுக்கு இன்னொருத்தர் எப்படிங்க சாட்சி சொல்றது?" அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "நீங்க கவலைப்படாதீங்க. முதல்ல அவரு குரல் நல்லாவே கேட்டுச்சு. கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நாங்கல்லாம் மதியம் சாப்பிடும்போதுகூடப் பேசிக்கிட்டோம், பரவாயில்ல, அளவு நடக்குதுன்னு. அப்புறம் குரல் சன்னமாச்சு. இப்ப கேக்கறதே இல்ல. ரொம்ப தூரம் போயிட்டாரு."

அவன் மேசைக்கு மேல் குனிந்தான்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

"அது எங்க பிரிவு இல்லைங்க."

சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. அதன் முன்னால் ஏணியில் நின்றிருந்த கணிப்பாளர் ஒரு சிவப்பு ஊசியைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளிக் குத்தினார். ஊசி நின்ற இடம் நீலமாக இருந்தது.

"அது கடலாச்சே," என்றான் அவன்.

"நேத்தே கடலுக்குள்ள போயிட்டாரு. சராசரி நடை, சாப்பாட்டு நேரம், தூக்கம், எல்லாம் கழிச்சுத்தான் போட்டிருக்கேன்."

"அவருக்கு நீச்சல் தெரியாது."

கணிப்பாளர் கீழே குனிந்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நாங்க அளக்கறது காத்தை. தண்ணிக்கு வேற துறை இருக்கு."

முற்றத்தைப் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டான். கயிற்றுக்காரரை அனுப்பினார்கள். கதவிலிருந்து பலகைவரை ஒரு கயிறு கட்டியிருந்தது. ஊழியர்கள் வழி தவறாமல் பலகையைத் துடைக்கப் போய்வருவதற்கு. அதை இழுத்துக் கட்டிப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பெரியவர். நல்ல மனிதர். அவன் கையை எடுத்துக் கயிற்றில் வைத்தார்.

"பிடிச்சுக்கிட்டே வாங்க. விட்டுட்டா என் பேரு கெட்டுப்போகும்."

பலகை அவன் நெற்றியில் இடித்தபோதுதான் வந்து சேர்ந்தது தெரிந்தது. முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தான். வட்டம் இருந்தது. ஓரடி விலகினான். வட்டத்தோடு பலகையும் போய்விட்டது.

"ஐயா, இங்கேர்ந்தே தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க அளவர் இல்லையே."

"உங்களுக்குத் தெரியுதா?"

"நான் கயிறு பாக்கறவன்."

அவன் பலகையைத் தாண்டிக் காலெடுத்து வைத்தான். கயிற்றுக்காரர் சட்டென்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அங்கிருந்து பின் சுவர்வரை அளவுப் பாதை. அளவரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது.

"நீங்க நடுவுல போய் நின்னா அவருக்கு வட்டம் மறையும். அரசு அளவைக் கெடுத்த குத்தம். நான் சொல்லலப்பா, சட்டம் சொல்லுது."

இயக்குநர் அவனை உடனே உள்ளே அழைத்தார். அளவர் குடும்பத்துக்கு அந்த அறை எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். புகை உள்ளே வருகிறதாம். பிறகு திருத்திக்கொண்டார். "குளிர் உள்ள வருது."

மேசைமேல் அட்டையில் செய்த ஒரு கட்டட மாதிரி இருந்தது. துறையின் புதிய தலைமையகம். பன்னிரண்டு மாடி.

"தம்பி என்ன தொழில்?"

"லிஃப்ட் வேலைங்க."

"அட. இதுக்கு லிஃப்ட் நீங்களே பண்ணலாமே. குழிகூடத் தோண்டியாச்சு."

"எங்கேங்க?"

"பின்னாடி. முற்றத்துல எங்கயோ. வேலி போடச் சொன்னேன். வேலி போட வந்தவங்களால குழியைக் கண்டுபிடிக்க முடியல." இயக்குநர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "நாளைக்கு விழா. அக்காவைக் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில இடம் போட்டிருக்கு."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. பின்பக்கமாக நடக்கிற மனிதர். திரும்பிப் பார்க்கக் கூடாது.

"குழியில ஒருமுறை பாத்துடலாமே சார்."

"பாக்கலாம். அளவு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அவரு வந்து சொன்னதும்."

அக்கா வீட்டில் தையல் எந்திரத்தின்மேல் பாதி தைத்த சட்டை கிடந்தது. ஊசியில் நூல் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. தினமும் வேலைக்குப் போகும் முன் நாலைந்து ஊசிகளில் நூல் கோத்து ஜன்னல் திரையில் குத்திவைத்துவிட்டுப் போவது அத்தான்தான். அது அவருக்குக் கௌரவம். திரையில் இப்போது ஊசி ஒன்றும் இல்லை.

அவன் குழியைப் பற்றிச் சொன்னான். குரலைப் பற்றியும் சொன்னான். சொல்லாமல் விடலாமா என்று படியேறும்போது யோசித்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

அக்கா சட்டையை எடுத்து மடித்தாள்.

"முட்டி வலிக்கு உறை மாட்டிட்டுத்தான் போனாரு," என்றாள். "அந்த முட்டியை வச்சுக்கிட்டு அவரு கடைத்தெரு வரைக்கும் போகமாட்டாரு. கடலுக்குப் போயிருக்காராம்."

"நாளைக்கு நான் உள்ள போறேன்கா."

"விடமாட்டாங்களே."

"அளவரை விடுவாங்க."

விழா மண்டபத்தில் கூட்டம் இருந்தது என்பது இருமலிலிருந்து தெரிந்தது. மூக்கில் துணி கட்டி வந்தவர்களை வாசலில் நிறுத்தித் துணியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவான காற்றில் மூக்கை மூடுவது அளவின்மேல் நம்பிக்கையில்லாத செயல். பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து முந்தாநாளே வாங்கிவிட்டார்கள். மருத்துவமனையின் மூச்சுப் பிரிவையும் மூடியாயிற்று. அங்கே இருந்தவர்களை எலும்புப் பிரிவில் படுக்க வைத்திருக்கிறார்கள். விலா எலும்புக்குள்தானே நுரையீரல்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"உண்மையைச் சொல்றேன். பழைய அளவர்கள் எல்லாரும் நல்லவங்கதான். ஒரே ஒரு குறை. திரும்பி வந்துடுவாங்க. காலையில போனா டீ ஆறுறதுக்குள்ள வந்து நின்னு 'மறைந்தது'ம்பாங்க. ஒரு மனுஷன் திரும்பி வர்றதால ஒரு நகரத்துக்கே எவ்வளவு கெட்ட பேரு. இவரு அப்படி இல்ல. கடமைன்னா இது. நம்ம டயாப..." இருமினார். "...னோமீட்டர் வரலாத்துல இவ்வளவு தெளிவு பதிவானது இல்ல. ஆலைக்காரங்க வந்து கேட்டாங்க, இன்னும் நாலு புகைபோக்கி திறக்கலாமான்னு. காத்து இப்படி இருக்கும்போது வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? திறந்துட்டாங்க. திறந்த பிறகும் அளவு குறையல. ஏறிக்கிட்டேதான் இருக்கு."

சுருக்கெழுத்தர் கூட்டத்தின் இருமல்களைக் கைதட்டல் என்று குறித்துக்கொண்டார்.

அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். பேசச் சொன்னார்கள். அவள் ஒலிபெருக்கியை உதட்டில் ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு முட்டி வலி. வேகமா நடக்கமாட்டாரு."

கணிப்பாளர் ஓரமாகப் போய்க் கணக்குப் போட்டார். திரும்பி வந்து, புதிய தகவலுக்கு அளவர் மனைவிக்கு நன்றி சொல்லி, மேடையில் மாட்டியிருந்த வரைபடத்தில் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தினார். அப்போதும் அது நீலத்தில்தான் இருந்தது.

அவன் எழுந்தான். துணை அளவர் வேலை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னான்.

அந்த வேலை வெகு நாளாகக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் கேட்டதில்லை. இயக்குநருக்குக் கண் கலங்கியது. புகையாகவும் இருக்கலாம். தேர்வு மேடையிலேயே நடந்தது.

"கண்ணு தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு தூரம்?"

"இங்கேர்ந்து உங்க மூக்கு வரைக்கும்."

"போதும். மத்தது அனுபவத்துல வரும்."

வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள், பேட்ஜ் குத்தினார்கள், சக்கரம் கொடுத்தார்கள். கருவிப் பை எதற்கு என்று யாரோ கேட்டார். சாப்பாடு என்றான். நீண்ட அளவுக்குத் தயாராக வந்திருக்கிறார் என்று இயக்குநர் கூட்டத்துக்கு அறிவித்தார்.

முற்றத்தில், பலகைக்கு முதுகு காட்டாமல் நின்று, வட்டத்தைப் பார்த்தபடி அவன் பின்பக்கமாக ஓரடி வைத்தான். வட்டம் மறைந்தது.

அளவு அத்தோடு முடிந்துவிட்டது. அவன் நிற்கவில்லை. புகையைப் பார்த்தபடி நடந்தான். பக்கத்தில் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. மண் ஈரமாயிற்று. மண்டபத்தின் ஒலிபெருக்கி தேய்ந்து, ஒரு பூச்சியின் சத்தம்போல் ஆனது. அத்தானுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். கீழே கிடந்தபோது மதியச் சாப்பாட்டு மணிகூடக் கேட்டிருக்கும்.

கணுக்காலில் குளிர் ஏறியது. கீழிருந்து வரும் காற்று. கதவு திறந்து பெட்டி வராத தளத்தில் நிற்கும்போது இந்தக் காற்றுதான் வரும். அவன் நின்றான். ஒரு காலைப் பின்னால் நீட்டித் தடவினான். தரை இல்லை.

மண்டியிட்டு விளிம்பைத் துழாவினான். கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பி கையில் பட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு சக்கரம் கவிழ்ந்து கிடந்தது.

பையிலிருந்து வடத்தை எடுத்துக் கம்பியில் கட்டி, இடுப்பில் வாரை மாட்டி இறங்கினான். அடியில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை. கையால்தான் தேடினான். முதலில் ஒரு செருப்பு. பிறகு சுவரில் சாய்ந்திருந்த ஒரு தோள். கைகளைக் கீழே கொண்டுபோனான். வலது முட்டியில் உறை இருந்தது.

சட்டைப் பையின் ஓரத்தில் ஏதோ சுருக்கென்று குத்தியது. ஊசி. நூல் கோத்திருந்தது.

அவன் அதை உருவி எடுத்துக்கொண்டான். மேலே யாரோ எதற்கோ கை தட்டினார்கள்.

மண்டபத்துக்குள் அவன் நனைந்த காலோடு நுழைந்தபோது இயக்குநர் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மறைந்தது," என்றான் அவன்.

இருமல்கூட நின்றது.

"யாருக்கு?" என்றார் இயக்குநர்.

"எனக்கு. பலகையிலேர்ந்து ஓரடியில. அவரு குழியில இருக்காரு. செத்துக் கிடக்காரு. குரல் குடுத்துக் குடுத்துச் செத்திருக்காரு."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் உள்ளங்கையில் இருந்த ஊசியை எடுத்துக்கொண்டாள்.

இயக்குநர் பதறவில்லை. பதறாமல் இருப்பதற்குத்தான் அவரை அந்தப் பதவியில் வைத்திருந்தார்கள். கணிப்பாளரைப் பார்த்தார். கணிப்பாளர் இரண்டு அளவுக்கும் சராசரி பார்த்தார்.

"ஒண்ணு ஓரடி. இன்னொண்ணு இன்னும் முடியல. முடியாததோட எதைச் சேத்தாலும் முடியாததுதான் சார்."

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர் கூட்டத்திடம். பிறகு அவனிடம் திரும்பி மெதுவாகப் பேசினார். "தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா அளவர் கடல்மேல இருக்காரு. அது வெளியிட்ட தகவல். குழியில இருக்கறது வேற யாரோ."

"அவரு சட்டைங்க அது. துறை பேட்ஜ் இருக்கு."

"அப்படின்னா ஆள்மாறாட்டம். செத்தவரா இருக்கறதால நடவடிக்கை வேண்டாம்னு விடறேன்."

அவன் வாய் திறந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரிங்க," என்றாள். "வேற யாரோதான். அந்த வேற யாரோவை நாங்க எடுத்துட்டுப் போறோம்."

இயக்குநர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தலையசைத்தார்.

"தாராளமா. அதுக்கு எங்க அனுமதியே தேவையில்ல."

அவன் கப்பி போட்டு மேலே இழுத்தான். அக்கா விளிம்பில் படுத்துக் கை கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த கயிற்றுக்காரர் பலகைக்கு அருகிலேயே நின்றார். பாதையில் கால் வைக்க அவருக்கு உரிமை இல்லை. முற்றத்தில் கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவை மட்டும் அவர்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார். அதன்மேல் கிடத்தினார்கள். அவன் முன்னாலும் அக்கா பின்னாலும் தூக்கிக்கொண்டு, சக்கரம் பதித்த தடத்தைக் காலால் தடவித் தடவி நடந்தார்கள்.

பலகை இருக்கும் இடம் வந்தபோது புகைக்குள்ளிருந்து கயிற்றுக்காரரின் குரல் கேட்டது. தயங்கித்தான் சொன்னார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. வட்டத்துக்குக் குறுக்க நிக்காதீங்க. அவருக்கு மறைக்கும்."

அக்கா நின்றாள். அவனும் நிற்க வேண்டியதாயிற்று. கதவை மெல்லக் கீழே வைக்கச் சொன்னாள். பலகையைக் கையால் துழாவிக் கண்டுபிடித்தாள். பிறகு அதற்கு முதுகு காட்டி, வட்டம் முழுதாக மறையும்படி ஒட்டி நின்றாள். அவர் நடந்துபோன பக்கம் பார்த்தபடி.

"நகர்ந்துட்டீங்களாம்மா?" என்றது குரல்.

"நகர்ந்தாச்சுங்க," என்றாள் அக்கா, நகராமல்.

மண்டபத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. அன்றைய தூரத்தை அறிவித்தார்கள். கூடியிருந்தது.